காயக் கட்டுத்துணியும் கிருமி எதிர்ப்புப் பூச்சும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோமனூர், பல்லடம் தறிக்காரர்கள், திருப்பூர், ஈரோடு பிராசசிங் பட்டறைக்காரர்கள், கோவைக் கல்லூரிகளில் டெக்ஸ்டைலும் பயோடெக்கும் படிப்பவர்கள் என்று மூன்று பக்கமிருந்தும் வரும் கேள்விகள் இவை. இங்கே தரும் அளவுகள் ஆய்வகத்திலும் சிறிய பேட்ச்சிலும் தொடங்குவதற்கானவை. உங்கள் துணிக்கும் தண்ணீருக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஆன்டிமைக்ரோபியல் பனியனும் சாக்ஸும் போடறோம். அதே ஃபினிஷை காயக் கட்டுக்கும் போடலாமுங்களா?

கூடாது. பனியனில் போடும் ஃபினிஷுக்கு வியர்வை நாற்றத்தை உண்டாக்கும் கிருமி துணியில் பெருகாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. அடியில் இருப்பது முழுத் தோல். டிரெஸ்ஸிங்குக்கு (காயக் கட்டுக்கு) அடியில் தோலே இல்லை. துணியிலிருந்து கழன்று வரும் எதுவும் நேராகத் திசுவுக்குள் போகும். பத்து இருபது துவைப்பு தாங்குகிறதா என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை. புண்நீரில் ஊறிக் கிடக்கும் சில நாட்கள் வேலை செய்கிறதா, புதிதாக வளரும் செல்லைக் கொல்லாமல் இருக்கிறதா, பிரிக்கும்போது புண்ணோடு ஒட்டாமல் வருகிறதா, இவைதான் கேள்விகள்.

ஒரே ரசாயனமே இடத்துக்கு இடம் வேறு தீர்ப்பு பெறும். ட்ரைக்ளோசானை எடுத்துக்கொள்ளுங்கள். 2016ல் அமெரிக்க எஃப்டிஏ அதை வீட்டு உபயோக சோப்புகளிலிருந்து விலக்கியது. அதே ஆண்டு வெளிவந்த உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைத் தொற்றுத் தடுப்பு வழிகாட்டி, ட்ரைக்ளோசான் பூசிய தையல் நூலைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது.

எங்க தறியில சாதா காஸ் (இளநெசவுக் கட்டுத்துணி) ஓட்டறோம். அது மேலயே மருந்து ஏத்திடலாமுங்களா?

ஏற்றலாம். முதலில் துணி சுத்தமாக வேண்டும். இந்த வேலையில் தோற்றுப்போகும் பேட்ச்சுகளில் பெரும்பாலானவை மருந்தால் தோற்பதில்லை, காடா துணியைச் சரியாகத் தயார் செய்யாததால் தோற்கின்றன. நானோ, பயோ என்று பணத்தைக் கொட்டுவதற்கு முன் டீசைசிங்கையும் (கஞ்சி நீக்குவது) ஸ்கவரிங்கையும் (மெழுகும் அழுக்கும் நீக்குவது) ஒழுங்குபடுத்துங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறோம்.

பாவுக்குப் போட்ட கஞ்சி அமைலேஸ் என்சைமில் முழுதாகப் போயிருக்க வேண்டும். துணியில் ஒரு சொட்டு அயோடின் கரைசல் விட்டுப் பாருங்கள். நீலம் அல்லது ஊதா தெரிந்தால் கஞ்சி மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். அந்த மிச்சம் கிருமிக்குத் தீனி, மருந்து ஏறுவதற்கும் தடை. அடுத்து காஸ்டிக் ஸ்கவரிங், பெராக்சைடு பிளீச்சிங். ஆப்டிகல் ஒயிட்னர் (துணியைப் பளிச்சென்று வெண்மையாகக் காட்டும் ரசாயனம்) அறவே வேண்டாம். மருந்தியல் நூல் தரப்படி காஸ் துணியை 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் பார்த்தால் பளீரென்ற நீல ஒளி தெரியக்கூடாது. தனித்தனி இழை ஒன்றிரண்டு மின்னினால் மட்டும் மன்னிப்பு. ஒயிட்னர் ஓடிய அதே மெஷினில் காஸை ஓட்டினால்கூட இந்தச் சோதனையில் மாட்டிக்கொள்வீர்கள்.

பிறகு மூழ்கும் நேரம். துணியைத் தண்ணீர் மேல் மெதுவாக விட்டால் 10 விநாடிக்குள் மூழ்க வேண்டும். மூழ்கவில்லை என்றால் பருத்தி மெழுகு போகவில்லை, அல்லது யாரோ சாஃப்டனர் போட்டிருக்கிறார்கள். இதற்குக் குறுக்குவழியாக வெட்டிங் ஏஜென்ட் (நனைய வைக்கும் ரசாயனம்) தடவி மூழ்க வைப்பதுண்டு. அது செல் நச்சுச் சோதனையில் தவறாமல் வெளியே வந்துவிடும்.

எந்த மருந்தைத் தேர்ந்தெடுப்பது?

வெள்ளி: அயனியாக வெளிவரும்போதுதான் வேலை செய்யும். கிருமியின் புரதங்களில் உள்ள தயால் தொகுதிகளைப் பிடித்து நொதிகளை முடக்கும். பல வகைக் கிருமிகளுக்கும் ஒத்துவரும். ஆனால் புண்நீரில் குளோரைடும் புரதமும் இருப்பதால் வெளிவரும் அயனியில் பெரும்பங்கு அங்கேயே கட்டுண்டு போகும். தீக்காயத்துக்கு 0.5% சில்வர் நைட்ரேட் 1965லிருந்தும், 1% சில்வர் சல்ஃபாடயசின் க்ரீம் 1968லிருந்தும் புழக்கத்தில் உண்டு.

பிஎச்எம்பி (பாலிஹெக்சாமெத்திலீன் பைகுவானைடு): நேர்மின் பாலிமர், கிருமியின் சவ்வைக் கிழிக்கும். பருத்தியோடு தானாகவே பிடித்துக்கொள்ளும். காஸில் எடைக்கு 0.2% அளவில் ஏற்றிய பொருட்கள் சந்தையில் இருக்கின்றன. காஸ் ஓட்டும் ஒரு பட்டறை முதலில் கையில் எடுக்க வேண்டியது இதைத்தான் என்பது எங்கள் கருத்து. மாங்கிளும் (துணியைப் பிழியும் உருளைகள்) ஸ்டென்டரும் (அகலம் பிடித்து உலர்த்தும் மெஷின்) இருந்தால் போதும். தூளை மூச்சில் இழுக்கக்கூடாது. ஐரோப்பிய வகைப்பாட்டில் இது சந்தேகத்துக்குரிய புற்றுநோய்க் காரணி என்ற பட்டியலில் இருக்கிறது. கரைசலாகவே வாங்குங்கள்.

கைட்டோசான்: இறால், நண்டு ஓட்டிலிருந்து வருவது. 1% அசிட்டிக் அமிலத்தில் கரையும். ரத்தம் நிறுத்துவதில் கெட்டி. கிருமி கொல்வதில் நடுத்தரம், அதுவும் பிஎச் 6.5க்குக் கீழே இருந்தால்தான். நாட்பட்ட புண்ணின் பிஎச் பெரும்பாலும் 7க்கு மேல் இருப்பதை மறக்கக்கூடாது.

அயோடினும் தேனும் நல்ல பொருட்களே. ஆனால் அவற்றைத் துணியில் ஏற்றிப் பல மாதம் நிலையாக வைத்திருப்பது தனித் தொழில்நுட்பம். முதல் முயற்சிக்கு வேண்டாம்.

பிஎச்எம்பி பேடிங்குக்கு (முக்கிப் பிழிவதற்கு) கணக்கு எப்படி?

துணி எடையில் 0.3% ஏற வேண்டும், மாங்கிள் பிக்கப் 80% என்று வைப்போம். 100 கிராம் துணி 80 கிராம் குளியலை (மருந்துக் கரைசலை) எடுக்கும். அந்த 80 கிராமில் 0.3 கிராம் மருந்து இருக்க வேண்டும். அப்படியானால் ஒரு கிலோ குளியலில் 3.75 கிராம். கையில் உள்ளது 20% கரைசல் என்றால் கிலோவுக்கு 18.75 கிராம் ஊற்ற வேண்டும். 100 கிலோ துணிக்கு 80 கிலோ குளியலோடு தொட்டியில் தேங்கும் அளவையும் சேர்த்துத் தயாரியுங்கள்.

பிக்கப்பை மெஷின் மீட்டரைப் பார்த்துச் சொல்லாதீர்கள். துணியின் இடது ஓரம், நடு, வலது ஓரம் மூன்றிலும் துண்டு வெட்டி, ஈரத்திலும் காய்ந்த பிறகும் எடை பாருங்கள். காஸ் இளநெசவு என்பதால் உருளையின் அழுத்தம் ஓரத்தில் குறைந்தாலும் உடனே வித்தியாசம் காட்டும். இழுவை அதிகமானால் அகலம் சுருங்கி இழை சாய்ந்துவிடும். பின் ஸ்டென்டரில் அகலத்தைப் பிடித்து 100 டிகிரி சுற்றில் உலர்த்தினால் போதும். க்யூரிங் (கூடுதல் சூட்டில் மருந்தைப் பிணைப்பது) தேவையில்லை.

பொதுவாக வரும் கோளாறு இது: முதல் 50 மீட்டரில் மருந்து கூடுதலாகவும் கடைசியில் குறைவாகவும் இருக்கும். பிஎச்எம்பி பருத்தியை விரும்பிப் பிடிப்பதால் தொட்டிக் குளியல் நீர்த்துக்கொண்டே போவதுதான் காரணம். தொட்டியைச் சிறியதாக வையுங்கள். நிரப்பும் கரைசலைத் தொட்டியில் உள்ளதைவிடக் கொஞ்சம் கெட்டியாக விடுங்கள். எவ்வளவு கெட்டி என்பதை முதல், நடு, கடைசி மீட்டர்களின் அளவை ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய முடியும். விரைவுச் சோதனைக்கு, மூன்று துண்டுகளையும் நீர்த்த புரோமோஃபீனால் ப்ளூ கரைசலில் ஒரே நேரம் முக்கி அலசுங்கள். நேர்மின் மருந்து உள்ள இடத்தில் நீலம் பிடிக்கும். திட்டுத்திட்டாக இருந்தால் கண்ணுக்கே தெரியும்.

குளியல் பால் போல் திரிந்தால் துணியில் எதிர்மின் சோப்போ வெட்டிங் ஏஜென்ட்டோ மிச்சம் இருக்கிறது. அந்தப் பேட்ச்சை நிறுத்தி, துணியை மறுபடி வெந்நீரில் அலசுங்கள். அல்ஜினேட், சிஎம்சி போன்ற எதிர்மின் பாலிமர்களோடு ஒரே குளியலில் பிஎச்எம்பியைக் கலந்தாலும் இதே கதிதான்.

சில்வர் நைட்ரேட் கரைச்சதும் வெள்ளையா மங்கிப் போகுது. சரக்கு போலியா?

சரக்கைக் குறை சொல்வதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள். திருப்பூர், அவினாசி, பல்லடம் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் சப்பைத் தண்ணீர் (உப்புத் தண்ணீர்). அதிலுள்ள குளோரைடு வெள்ளியோடு சேர்ந்து சில்வர் குளோரைடாகப் படிந்துவிடுகிறது. லிட்டருக்கு 355 மில்லிகிராம் குளோரைடு இருந்தால் அது 1.7 கிராம் சில்வர் நைட்ரேட்டை விழுங்கிவிடும். நீங்கள் போட்டதே 1 கிராம் என்றால் மிஞ்சுவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. சிறுவாணித் தண்ணீர் மென்மையானதுதான், ஆனாலும் குழாயில் வருவதில் குளோரின் சேர்த்திருப்பார்கள். வெள்ளி வேலைக்கு டிஅயனைஸ்டு (உப்பு நீக்கிய) தண்ணீர் தவிர வேறு எதுவும் வேண்டாம். துணியின் கடைசி அலசலும் அதிலேயே இருக்கட்டும்.

காய்ந்ததும் துணி மஞ்சளா, பழுப்பா மாறுதே?

மூன்று காரணங்கள் உண்டு, தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். நானோ வெள்ளித் துகள் 400 நானோமீட்டரையொட்டி ஒளியை உறிஞ்சுவதால் இளமஞ்சள் அதன் இயல்பான நிறம். பழுப்பும் சாம்பலும் வந்தால் துகள்கள் கட்டிப்பட்டுவிட்டன. வெள்ளி உப்பு வெளிச்சத்தில் கறுப்பது இன்னொன்று. டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு நாள் விட்டாலே தெரியும். மூன்றாவது, குறுக்கிணைப்புக்குச் சிட்ரிக் அமிலமும் சோடியம் ஹைப்போஃபாஸ்ஃபைட்டும் போட்டு 170, 180 டிகிரியில் க்யூர் செய்வது. அந்தச் சூட்டில் சிட்ரிக் அமிலம் நீரிழந்து மஞ்சள் தரும் அமிலங்களாக மாறுகிறது. 150 டிகிரிக்கு இறக்கி நேரத்தைச் சற்றுக் கூட்டிப் பாருங்கள். மருந்தே போடாமல் அதே க்யூரிங் கொடுத்த துணியைப் பக்கத்தில் வைத்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

ஈரோட்டு மஞ்சள், வேப்பிலைச் சாறு வெச்சு பண்ணினா இயற்கைன்னு விற்கலாமுங்களே?

ஈரோட்டு மஞ்சளுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு இந்தக் கேள்வி அதிகம் வருகிறது. ஆசை நியாயமானது, வழி சுலபமில்லை. குர்குமின் தண்ணீரில் ஏறக்குறைய கரையாது. வெளிச்சத்தில் வெளுக்கும். காரத்தன்மையில் சிதையும், நாட்பட்ட புண்ணோ காரப்பக்கம் சாய்ந்தது. மஞ்சள் கறை படிந்தால் மருத்துவர் சீழின் நிறத்தைப் பார்க்க முடியாது. அறுவடைக்கு அறுவடை குர்குமின் அளவு மாறும். வேப்பிலைச் சாற்றில் எந்த மூலப்பொருள் எவ்வளவு என்று சொல்ல முடியாவிட்டால், அடுத்த பேட்ச்சை முந்தைய பேட்ச் போலச் செய்யவும் முடியாது.

மாணவர்கள் இதை எடுத்தால், கிழங்கைப் பொடித்து எத்தனாலில் ஊறவைத்து நேரே துணியில் தோய்க்க வேண்டாம். அளவு தெரிந்த குர்குமின் வாங்கி, சைக்ளோடெக்ஸ்ட்ரின் போன்ற ஏந்தியில் ஏற்றி, வெளியேறும் வேகத்தை அளந்து காட்டுங்கள். எத்தனால் மட்டும் தோய்த்து உலர்த்திய துணி கட்டுப்பாட்டு மாதிரியாகக் கட்டாயம் இருக்க வேண்டும்.

லேப் ரிப்போர்ட்ல 99.9% னு வந்திருக்கு. இது போதாதா?

ரிப்போர்ட்டில் எண்ணுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று படியுங்கள். ஒரு லட்சம் கிருமியில் 99.9% செத்தால் மிச்சம் 100. சத்துள்ள இடத்தில் அந்த நூறு ஒரே இரவில் பழைய நிலைக்கு வந்துவிடும். தொற்றிய புண்ணில் ஒரு கிராம் திசுவுக்கே லட்சத்துக்கு மேல் இருக்கலாம், அதுவும் பயோஃபில்ம் எனும் பிசுபிசுப்புப் போர்வைக்குள்.

ஏஏடிசிசி 100 என்ற அமெரிக்கச் சோதனை முறையில் 4.8 செ.மீ. விட்டமுள்ள வட்டத் துண்டுகளை அடுக்கி, 1 மி.லி. கிருமிக் கரைசலை ஊற்றி, 24 மணி நேரம் வைத்து, பிறகு 100 மி.லி. நடுநிலையாக்கும் திரவத்தில் குலுக்கி எண்ணுவார்கள். 1 மி.லி. முழுவதும் துணிக்குள் போக வேண்டும். காஸ் மெல்லியது என்பதால் அடுக்கு நிறைய வேண்டியிருக்கும். துணி தண்ணீரை ஏற்காவிட்டால் சொட்டு மேலேயே நிற்கும், அந்த முடிவுக்கு மதிப்பில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம் நடுநிலையாக்கி. துணியிலிருந்து கழன்ற மருந்து, கிருமியை வளர்த்து எண்ணும் அகார் தட்டு வரை கூடவே போனால், தட்டில் கிருமி வளராது. 24 மணி நேரத்தில் துணியே கொன்றுவிட்டது போல் 99.99% வரும். வெள்ளிக்கு தயோகிளைக்கோலேட்டும் தயோசல்ஃபேட்டும் உள்ள திரவம், பிஎச்எம்பிக்கு லெசித்தினும் ட்வீன் 80ம் உள்ள திரவம் வேண்டும். அது வேலை செய்கிறதா என்று சரிபார்க்க, மருந்துத் துணியை நடுநிலையாக்கியில் குலுக்கிய பிறகு நூறு கிருமி அளவுக்குச் சேர்த்து, தட்டில் கிட்டத்தட்ட நூறும் வளர்கிறதா என்று பாருங்கள். இந்த ஒரு வரி ரிப்போர்ட்டில் இல்லையென்றால் ஆய்வகத்தைக் கேளுங்கள், கூச்சம் வேண்டாம்.

மருந்தில்லாத அதே துணியில் கிருமி பெருகியிருக்க வேண்டும். அங்கேயும் குறைந்திருந்தால் உங்கள் பிளீச்சிங் மிச்சம்தான் கொன்றிருக்கிறது. கைட்டோசானில் இதே பொறி இன்னொரு வடிவில் வரும்: துணியில் தங்கிய அசிட்டிக் அமிலம் கொன்றதை கைட்டோசான் கணக்கில் எழுதிவிடுவார்கள்.

இவை முடிந்ததும் அதே சோதனையைக் கருக்கன்று சீரம் கலந்த கரைசலில் மறுபடி செய்யுங்கள். 4 லாக் குறைப்பு (பத்தாயிரத்தில் ஒன்றுதான் மிச்சம்) காட்டிய வெள்ளித் துணி சீரத்தில் பெரிதும் சரியலாம். டிரெஸ்ஸிங் விஷயத்தில் நாங்கள் முதலில் பார்க்கும் எண் இதுதான். கிருமிகளில் ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ், கிளெப்சியெல்லா மட்டும் போதாது, சூடோமோனாஸும் வேண்டும்.

துணியைச் சுத்தி வளையமே வரல. மருந்து வேலை செய்யலையா?

அகார் தட்டில் துணியைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் என்பது மருந்து அகாரில் கரைந்து பரவியதற்குத்தான் அடையாளம். துணியோடு பிணைந்த மருந்துக்கு வளையம் வராது. துண்டை எடுத்துவிட்டு அடியில் வளர்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய வளையம் என்றால் வேகமாகக் கரைந்து போகிறது என்றும் பொருள். இரண்டு வெவ்வேறு மருந்துகளை வளைய அகலத்தை வைத்து ஒப்பிடவே கூடாது.

கிருமி செத்துச்சு, ஆனா செல் டெஸ்ட்டுல ஃபெயில்.

செல் நச்சுச் சோதனைக்கான ஐஎஸ்ஓ 10993-5 படி எல்929 என்ற சுண்டெலிச் செல்லில் உயிர்ப்பு 70%க்குக் கீழே போனால் நச்சு. முதலில் மருந்தில்லாத துணியை அனுப்புங்கள்; அதுவே தோற்றால் சிக்கல் ஸ்கவரிங்கில். அது தேறி மருந்துத் துணி தோற்றால் அளவைக் குறைத்து, கிருமியும் செல்லும் இரண்டும் தேறும் இடைவெளியைத் தேட வேண்டும். சில மருந்துகளுக்கு அந்த இடைவெளி மிகக் குறுகியது. இன்னொரு நுணுக்கம்: காஸும் அல்ஜினேட்டும், சோதனைக்குச் சாறெடுக்கத் துணியை ஊறவைக்கும் ஊடகத்தைத் தானே குடித்துவிடும். துணி குடிக்கும் அளவைத் தனியே அளந்து, அதைக் கூடுதலாக ஊற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சாறு அநியாயத்துக்குக் கெட்டியாகிவிடும்.

அல்ஜினேட், நானோ ஃபைபர் பண்ண ஆசை. எங்கே சறுக்கும்?

சோடியம் அல்ஜினேட் 4 முதல் 6% கரைசலை நுண்துளை வழியே கால்சியம் குளோரைடு குளியலில் விட்டால் இழை உறையும். கரைசலில் காற்றுக் குமிழி இருந்தால் இழை அறும். வெற்றிடத்தில் குமிழியை எடுங்கள், அல்லது ஒரு இரவு அப்படியே விடுங்கள். அலசியதும் எத்தனாலிலோ அசிட்டோனிலோ நீரை வெளியேற்றாமல் உலர்த்தினால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி அட்டையாகிவிடும். வெள்ளி சேர்ப்பதென்றால் குளோரைடு குளியலில் போடாதீர்கள், காரணம் மேலே சொன்னதுதான்.

உறிஞ்சும் திறனுக்கு ஐரோப்பியத் தரமான இஎன் 13726 கரைசல்: லிட்டருக்கு 8.298 கிராம் சோடியம் குளோரைடு, 0.368 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட். 5 செ.மீ. சதுரத் துண்டை எடையைப்போல் 40 மடங்கு கரைசலில் 37 டிகிரியில் 30 நிமிடம் விட்டு, 30 விநாடி தொங்கவிட்டு எடை பாருங்கள். வெறும் தண்ணீரில் அளந்த எண்ணுக்கு இங்கே அர்த்தமில்லை. அல்ஜினேட் கூழாவதே புண்நீரின் சோடியம் கால்சியத்தை இடம்பெயர்ப்பதால்தான்.

எலக்ட்ரோஸ்பின்னிங்குக்கு (மின்னழுத்தத்தால் நானோ இழை இழுப்பதற்கு) பிவிஏ (பாலிவினைல் ஆல்கஹால்) 8 முதல் 10%, 15 முதல் 20 கிலோவோல்ட், 12 முதல் 15 செ.மீ. தூரம், மணிக்கு அரை மி.லி. என்று தொடங்கலாம். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஈரக்காற்று அடிக்கும் ஜூன், ஜூலையில் நேற்று நன்றாக வந்த இழை இன்று மணிமணியாக வரும். அறை ஈரப்பதத்தைக் குறித்து வையுங்கள், ஈரப்பதம் நீக்கி ஒன்று வாங்குங்கள். குறுக்கிணைக்காத பிவிஏ புண்நீர் பட்டதும் கரைந்துவிடும். குளூட்டரால்டிஹைடில் இணைத்தால் அதன் மிச்சமே செல்லைக் கொல்லும்.

ஸ்டெரிலைசேஷன் எதுல பண்றது?

இதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். காமா கதிர்வீச்சில் வழக்கமான 25 கிலோகிரே அளவு கைட்டோசான், அல்ஜினேட் சங்கிலிகளை அறுக்கும். வெள்ளித் துணியின் நிறத்தையும் மாற்றலாம். ஆட்டோகிளேவ் 121 டிகிரி சாதா காஸுக்குச் சரி, கொலாஜனுக்கு ஆகாது. எத்திலீன் ஆக்சைடு (ஈடிஓ) வாயு பலவற்றுக்கு ஒத்துவரும், ஆனால் மிச்ச வாயு போகும்வரை காற்றோட்டத்தில் வைத்து ஐஎஸ்ஓ 10993-7 படி அளக்க வேண்டும். வெளிச்சத்துக்குப் பயந்து வெள்ளி டிரெஸ்ஸிங்கை அலுமினியப் பையில் ஒட்டிவிட்டு ஈடிஓவுக்கு அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். வாயு அலுமினியத்துக்குள் போகாது. முதலில் வாயு ஊடுருவும் பை, ஸ்டெரிலைசேஷனுக்குப் பிறகு வெளியே அலுமினியப் பை. எல்லாச் சோதனைகளும் ஸ்டெரிலைஸ் செய்த பிறகான துணியில்தான் நடக்க வேண்டும்.

இதெல்லாம் போட்டா சர்க்கரைப் புண் சீக்கிரம் ஆறிடுமா?

இந்த வாக்குறுதியைப் பெட்டியில் அச்சடிக்காதீர்கள். காலில் புண்ணோடு இருக்கும் ஒருவர் அதை நம்பி மருத்துவரிடம் போகாமல் இருந்தால் போவது அவருடைய கால். 1962ல் ஜார்ஜ் வின்டர் பன்றித் தோலில் காட்டியது ஈரப்பதத்தின் பலனை: மூடி ஈரமாக வைத்த காயத்தில் மேல்தோல் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் மூடியது. கிருமி எதிர்ப்பு மருந்தின் பலன் அவ்வளவு தெளிவில்லை. இங்கிலாந்தில் 213 பேரிடம் நடந்த வல்கன் ஆய்வில், சிரைக் கால்புண்ணுக்கு வெள்ளி டிரெஸ்ஸிங் சாதாரண டிரெஸ்ஸிங்கைவிடக் கூடுதலாக ஆற்றவில்லை. சர்க்கரை நோய்ப் பாதத்துக்கான சர்வதேசக் குழுவின் வழிகாட்டி, ஆற வைப்பதற்காக மட்டும் வெள்ளியோ கிருமி எதிர்ப்புக் கட்டோ போட வேண்டாம் என்கிறது. செத்த திசுவை நீக்குவது, பாதத்தின் மேல் பாரம் விழாமல் பார்ப்பது, ரத்த ஓட்டம், சர்க்கரைக் கட்டுப்பாடு, இவைதான் அங்கே முன்வரிசை. தொற்று உள்ள, தொற்றும் அபாயம் அதிகமுள்ள காயத்தில் குறுகிய காலம் போடுவதற்கே இந்தப் பொருட்கள்.

வெள்ளிக்கு எதிர்ப்பு வராது என்பதும் தவறு. 1970களிலேயே பாஸ்டன் தீக்காயப் பிரிவு ஒன்றில் வெள்ளியைத் தாங்கும் சால்மோனெல்லா கண்டறியப்பட்டது.

மிச்சக் குளியலை ஈடிபில (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துல) விட்டுடலாமா?

வேண்டவே வேண்டாம். 2011ல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ப் பட்டறைகள் மூடப்பட்டதையும், அதன்பின் பூஜ்ஜியக் கழிவு முறைக்குப் பட்ட பாட்டையும் எல்லோரும் அறிவோம். சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்வதே பாக்டீரியாதான். கிருமிக்கொல்லியை அதில் ஊற்றினால் முதலில் சாவது அது. வெள்ளிக் கழிவில் உப்புப் போட்டுக் குளோரைடாகப் படியவைத்து, வடிகட்டி மீட்பவரிடம் கொடுங்கள். பிஎச்எம்பியை பென்டோனைட் களிமண் பிடித்துக்கொள்ளும்; அந்தச் சேற்றைத் தனியே அபாயக் கழிவாகக் கொடுங்கள்.

லைசென்ஸ், டெஸ்டிங் எங்கே தொடங்குறது?

மருத்துவ உபகரண விதிகள் 2017 பொருந்தும். ஆபத்து குறைந்த ஏ, பி வகைகளுக்கு 2022 அக்டோபர் 1லிருந்தும், ஆபத்து கூடிய சி, டி வகைகளுக்கு 2023 அக்டோபர் 1லிருந்தும் உரிமம் கட்டாயம் (கிருமி நீக்காத, அளக்கும் வேலையில்லாத ஏ வகைக்கு மட்டும் விலக்கு). ஏ, பி உற்பத்தி உரிமம் மாநில அதிகாரியிடம், படிவம் எம்டி-5. சி, டி மத்தியில், எம்டி-9. மருந்து சேர்ந்தாலே வகை மேலே ஏறக்கூடும் என்பதால் வகைப்பட்டியலைப் பார்த்த பிறகே மெஷின் வாங்குங்கள். சோதனைக்காக மட்டும் தயாரிக்க எம்டி-13 உண்டு. ஐஎஸ்ஓ 13485 தர அமைப்பை ஆரம்பத்திலிருந்தே எழுதி வாருங்கள்.

கோவை அவினாசி சாலையில் உள்ள சிட்ரா (தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம்), மருத்துவத் துணிகளுக்கான சிறப்பு மையம். 2020ல் பிபிஇ உடைகளுக்குச் செயற்கை ரத்த ஊடுருவல் சோதனை அங்கேயும் நடந்தது. முதலில் மூழ்கும் நேரம், புற ஊதா, கஞ்சி, நீரில் கரையும் பொருள். அவை தேறினால் மருந்தில்லாத துணியின் செல் நச்சு. பிறகு மருந்துத் துணியின் கிருமிச் சோதனை, சீரத்தோடும் சீரமில்லாமலும். இந்த வரிசையில் கொடுத்தால் செலவு மிச்சம். துண்டுகளைக் கையுறை போட்டு வெட்டி, பேட்ச் எண், வெட்டிய மீட்டர், ஸ்டெரிலைஸ் செய்த தேதி மூன்றையும் பையில் எழுதி அனுப்புங்கள். மருந்தில்லாத துணியும் அதே பாவிலிருந்து வந்ததாக இருக்கட்டும்.